நூறாம் நாள் குச்சிகள்

குழந்தையின் உதடு வீங்கி மூன்று நாளாகியும் வடியவில்லை. பழி முழுக்கக் குழந்தையின் அம்மா மிசாவோவின் தலையில். யமனாக்கா ஊரில் எந்த வீட்டிலும் குழந்தை பிறந்த நூறாம் நாள் சடங்கில் குழந்தைக்கு ஊட்டுவதில்லை, சாப்பாட்டுக் குச்சியின் நுனியால் மீனைத் தொட்டு உதட்டில் வைப்பதோடு சரி. அந்த மீனை வாங்கி வந்தவள் மிசாவோ.

"மலிவா கிடைச்சா போதும் இவளுக்கு," என்றாள் மாமியார் தோமிகோ, சாப்பாட்டுக்கு நடுவில்.

"அன்னைக்குக் காலையில படகுல வந்த மீன் அத்தை."

"படகு எந்தக் காலையில வந்துச்சோ."

நாத்தனார் கயோ கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். சடங்குக்கு அவள் அப்பா கடைசலில் மரக்கிண்ணம் கடைந்து தந்தார். குச்சிகளைச் சீவி அரக்கு பூசியது அவள். கடைசிப் பூச்சு கையில் ஒட்டவில்லை என்றதும் அரக்கு காயவைக்கும் ஈரப்பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாள். மேலே காய்ந்த அரக்கு உள்ளே இறுக இன்னும் இரண்டு வாரமாவது வேண்டும், அதற்குள் வாயில் பட்டால் தோல் வெந்துபோகும். அரக்குப் பட்டறையில் வேலை பார்க்கிறவளுக்குத் தெரியாததா?

"இருபது நாள் தள்ளி வச்சா ஆயுசு கூடும்னு சொல்வாங்க, தள்ளிடலாமா?" என்று சடங்குக்கு முன்பே அண்ணி கேட்கத்தான் செய்தாள். "எதுக்கு? என் குச்சி ரெடி," என்றவள் கயோ. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், வேலை முடியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அன்னைக்கு உருப்படியா இருந்தது கயோவோட குச்சி ஒண்ணுதான்," என்றாள் தோமிகோ.

 கயோ எழுந்துபோய்க் குச்சிகளை எடுத்துவந்து, சூடான தேநீரில் நுனியை முக்கி அம்மாவிடம் நீட்டினாள்.

"மோந்து பாரும்மா."

கடைசல்காரன் பெண்டாட்டிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே இறுகாத அரக்கின் புளிப்பு வாடை. தோமிகோ குச்சிகளை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மீன் மேல தப்பில்ல. அண்ணி மேலயும் இல்ல," என்றாள் கயோ.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்று கேட்டாள் மிசாவோ.

"வீங்கின அன்னைக்கே."

"உதட்டுல என்ன பட்டுச்சுன்னு டாக்டர் கேக்கும்போது பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

மிசாவோ குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். கயோ மன்னிப்புக் கேட்டாள், இரண்டு தடவை.  குச்சிகளை எடுக்கக் கை நீட்டினாள்.

"எடுக்காத," என்றாள் மிசாவோ. "மேசையிலேயே கிடக்கட்டும். இவனுக்கு வீக்கம் வடியிற வரைக்கும் நீயும் அத்தையும் அதைப் பாத்துக்கிட்டே சாப்பிடுங்க."