கடலுக்குச் சொல்லப் போனவர்

பெலிக்ஸ் ரெபெய்ரோ ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரம்பூர்வாசி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி ஜார்ஜ் இறந்த பிறகு தம்பி மகள் ஐரீனை வளர்த்துப் படிக்க வைத்து, டெலிபோன் இலாகாவில் வேலைக்கும் சேர்த்துவிட்டார். தங்கள் குடும்பம் போர்ச்சுக்கல்லிலிருந்து வந்தது என்பதில் அவருக்கு அபாரமான பெருமை. எப்போது வந்தது, எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐரீனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை இன்னாசி பொன்னேரியில் பள்ளி ஆசிரியர். காட்டூர்ப் பக்கம் நெல் விவசாயம் செய்கிற கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் பெரம்பூரில்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, பழவேற்காட்டு மாதா கோயிலில்தான் நடக்கும் என்று பெலிக்ஸ் சொல்லிவிட்டார். முன்னோர் வந்திறங்கிய ஊரில், முன்னோர் முறைப்படி நடக்கவேண்டுமாம். முறைகளில் சிலவற்றை அவர் கோவாவிலிருந்து வந்த ஒரு பாதிரியாரிடம் கேட்டிருந்தார். மற்றவை எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை.

பழவேற்காட்டில் எந்த வீட்டு விருந்தானாலும் சமையல் லத்தீபாவுடையதுதான். நாற்பது வயதிருக்கும். முகத்தில் சிரிப்பே காட்டாமல் அடுத்தவரைச் சிரிக்க வைக்கிறவள். பெலிக்ஸ் அவள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். விருந்தாளி ஒவ்வொருவருக்கும் சர்க்கரை பூசிய பாதாம் ஐந்து கொடுக்கவேண்டும். பாதாம் விலையை எண்ணிப் பார்த்த லத்தீபா, வேர்க்கடலைக்கும் சர்க்கரை நன்றாகவே பிடிக்கும் என்றாள். கப்பலில் வரும் உப்பு மீன் வேண்டும் என்றார். அப்படியென்றால் கருவாடுதானே, வஞ்சிரம் போடுகிறேன் என்றாள். அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

மூன்றாவதாகச் சொன்னதுதான் வினை. விருந்து நடக்கும்போது மணப்பெண்ணின் ஒரு கால் செருப்பைக் கழற்றி, பந்தி பந்தியாக ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டவேண்டும். அவர்கள் அதில் அன்பளிப்புப் போடவேண்டும்.

"சாப்புடற எலைக்கு முன்னால செருப்பா தொரை?" என்று கேட்டாள் லத்தீபா.

"லிஸ்பன்ல ராஜா வீட்டுக் கல்யாணத்துலயே உண்டு," என்றார் பெலிக்ஸ்.

இது தெரிந்ததும் ஐரீன் பயந்துபோனாள். இன்னாசியின் பெரியப்பாமார் மூன்று பேர். மூன்று பேரும் கோபக்காரர்கள். அவர்கள் இலைக்கு முன்னால் செருப்பு வந்தால் இலையோடு எழுந்து போய்விடுவார்கள். பெலிக்ஸிடம் கெஞ்சிப் பார்த்தாள். மனுஷர் அசையவில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் பஸ் ஏறி லத்தீபாவிடம் வந்து அழாத குறையாகச் சொன்னாள்.

"எங்க அங்கிளை யாராலயும் தடுக்க முடியாது லத்தீபாக்கா."

"தடுக்க வாணாம் கண்ணு. அனுப்பிச்சுடலாம்."

அன்று மாலை கோட்டைக்குப்பத்துப் படகுக்காரர் துளசிங்கத்தை லத்தீபா வரவழைத்துப் பேசினாள். மறுநாள் பெலிக்ஸ் பந்தல் வேலையைப் பார்க்க வந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி தொரை. கடலுக்குச் சொல்லப் போறது யாரு?"

அவருக்குப் புரியவில்லை. லத்தீபா ஆச்சரியப்பட்டாள். அந்தக் காலத்தில் இந்த ஊர்ப் பறங்கிகள் கல்யாணம் பண்ணினால், கோயில் முடிந்த கையோடு பெண் வீட்டுப் பெரியவர் படகேறி, ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குப் போவாராம். பொண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று கடலைப் பார்த்துச் சொல்வாராம். அது சீமையில் இருக்கிற முன்னோருக்குப் போய்ச் சேருமாம். அவர் திரும்புகிறவரைக்கும் வேறு எந்தச் சடங்கும் கூடாதாம்.

"ஒங்களுக்குத் தெரியாததா?" என்று முடித்தாள்.

பெலிக்ஸ், தன் தாத்தா இதைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார் என்றும் இத்தனை வேலையில் மறந்துவிட்டது என்றும் சொன்னார். லத்தீபா வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று கோயில் வாசலிலிருந்து நேராகப் படகுக்குப் போனார் பெலிக்ஸ். கோட்டு, டை, மார்பில் ஒரு ரோஜா. மெதுவாகப் போய், பந்தி முடிகிற நேரத்துக்குத் திரும்பவேண்டும் என்பது லத்தீபா துளசிங்கத்துக்குச் சொல்லியிருந்த கணக்கு.

பந்தி அமைதியாக நடந்தது. பெரியப்பாமார் மூவரும் வஞ்சிரக் கருவாட்டு வறுவலை மறுபடி கேட்டு வாங்கினார்கள். செருப்பு ஐரீன் காலிலேயே இருந்தது. ஆனால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் தன் கல்யாணச் சாப்பாட்டில் இல்லை. அனுப்பியதும் தானேதான். கடைசிப் பந்தி எழுந்தது. படகு வரவில்லை. காட்டூர்க்காரர்கள் பஸ் ஏறிப் போனார்கள். அப்போதும் வரவில்லை. தண்ணீர் வற்றிவிட்டது, எங்கேயாவது மண்திட்டில் தட்டி நின்றிருக்கும் என்று கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

ஐரீன் இன்னாசியைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் திகைத்தான். பிறகு, தன் பெரியப்பாமாரின் மூஞ்சிக்கு நேரே செருப்பு நீட்டப்படுவதை நினைத்துப் பார்த்திருக்கவேண்டும், வெகுநேரம் சிரித்தான். லத்தீபா தூக்குச்சட்டி நிறையப் பிரியாணி கட்டிக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரு சின்ன வத்தையில் கிளம்பினார்கள். பாதி வழியில் அந்தப் படகும் தரை தட்டியது. ஐரீன் வெள்ளைக் கவுனை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தாள்.

மண்திட்டில் பெலிக்ஸ் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, துளசிங்கத்தோடு நண்டு பிடித்துக்கொண்டிருந்தார். மூக்கு வெயிலில் சிவந்திருந்தது.

"வா, வா. சாப்பாடு கொண்டாந்தியா?" என்றார்.

திட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஐரீனும் அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டாள். முகத்துவாரத்தில் என்ன சொன்னீர்கள் என்று இன்னாசி கேட்டான்.

"எனக்குத் தெரிஞ்ச போர்ச்சுக்கீசு ஒரே வார்த்தைதான். ஒப்ரிகாது. நன்றின்னு அர்த்தம். அதைக் கத்திச் சொன்னேன். மீதிய தமிழ்ல சொன்னேன்." சற்று நிறுத்தி, ஐரீனைப் பார்க்காமல் சொன்னார்: "ஜார்ஜுகிட்டயும் சொன்னேன். ஒம் பொண்ண நல்ல எடத்துல குடுத்துட்டேன்டான்னு."

"அங்கிள், இந்த வழக்கம் வந்து..." என்று ஐரீன் ஆரம்பித்தாள். துளசிங்கம் பலமாக இருமினார்.

"நல்ல வழக்கம்மா," என்றார் பெலிக்ஸ். "நம்ம ஆளுங்க எல்லாத்தையும் வுட்டுட்டாங்க. இத்தையாவது வுடக் கூடாது."

ஐரீன் தூக்குச்சட்டியைக் கழுவப் போனாள். தண்ணீர் ஏறியதும் எல்லோரும் ஒரே படகில் திரும்பினார்கள். செருப்புச் சடங்கு அவருக்கு நினைவே வரவில்லை.

அவர் சும்மா இருக்கிற ஆளில்லை. அடுத்த வருஷமே பெரம்பூரிலிருந்து இன்னொரு குடும்பத்தைக் கல்யாணத்துக்காகப் பழவேற்காட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். மணப்பெண்ணின் அம்மா லத்தீபாவிடம் எல்லாவற்றையும் பயபக்தியோடு விசாரித்தாள். எந்தத் திசை பார்த்துச் சொல்லவேண்டும், தொப்பி போடலாமா, படகில் ஏதாவது சாப்பிடும் வழக்கம் உண்டா என்று கேட்டாள்.

"அவிச்ச வாத்து முட்டை," என்றாள் லத்தீபா. "ரெண்டு. படகு ஓட்றவருக்கும் ரெண்டு."

பக்கத்தில் நின்றிருந்த பெலிக்ஸ், ஆமாம், தாத்தா அதையும் சொல்லியிருக்கிறார் என்றார்.