வரைபடத்தில் இல்லாத புழு

அந்துப்பூச்சிகளில் லோனோமியா என்று ஒரு சிறு பேரினம் உண்டு; அதன் கம்பளிப்புழுவின் முள் பட்டால் ரத்தம் உறையாமல் போய் ஆளையே கொல்லும். அதன் இனங்களைப் பிரித்து, எது எங்கே வாழ்கிறது என்று பிரேசில் முழுவதற்கும் வரைபடம் போட்டவள் ஜுரேமா. ஒரு மலைக்காட்டில் மட்டும் அவள் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அங்கே அது இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளத்தான் தம்பி வால்மோர் ஜீப் ஓட்ட, வந்திருந்தாள்.

காலைக் காப்பியோடு வால்மோர் ஒரு மரத்தில் கையூன்றி நின்றான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். பட்டை என்று அவன் நினைத்தது, பட்டை நிறத்தில் அப்பிக் கிடந்த கம்பளிப்புழுக் கூட்டம்.

"நெருப்பு பட்ட மாதிரி இருக்குக்கா," என்று சிரித்தான்.

புழுக்கள்மேல் கிளைவிட்டிருந்த முட்களைக் கண்டதும் ஜுரேமாவுக்கு லோனோமியாதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் இதே சாயலில் வெறும் எரிச்சலோடு விட்டுவிடும் புழுக்களும் உண்டே. லோனோமியாதான் இந்தப் பக்கம் கிடையாதே. இடுக்கியால் நாலைந்தை டப்பாவில் போட்டுக்கொண்டு, வேலையைத் தொடர்ந்தாள்.

மதியம் வால்மோர் கடித்துவைத்த ரொட்டியில் ரத்தம் இருந்தது. ஈறுகளில் கசிந்துகொண்டிருந்தது.

ஊர் மருத்துவமனையில் இளம் டாக்டர் டப்பாவைப் பார்த்தார். கைப்பேசியில் எதையோ தேடினார்.

"இந்தப் பக்கம் அது கிடையாதும்மா. வரைபடத்துலயே இல்ல."

"அதைப் போட்டவளே நான்தான் டாக்டர். தப்பாப் போட்டுட்டேன். ரத்தம் உறையுதான்னு மட்டும் பாருங்க."

உறையவில்லை. கண்ணாடிக் குழாயில் அது தண்ணீராகவே ஆடியது.

விஷமுறிவு மருந்து மாநிலத் தலைநகரில்தான் இருந்தது. ஆம்புலன்ஸில் ஊசி குத்திய இடம் கருநீலமாகப் பரவியது. தம்பியின் கண் செருகும்போதெல்லாம், ரத்தம் மூளைக்குள் கசிகிறதோ என்று அவள் பெயர் சொல்லி எழுப்பினாள்.

"என்னைப் பத்தி உன் ஆராய்ச்சியில எழுதுவியாக்கா?"

"சும்மா இருடா... இல்ல, பேசு. பேசிக்கிட்டே இரு."

மருந்து ஏறியது. இரண்டு நாளில் ரத்தம் உறையத் தொடங்கியது. விஷத்தால் பழுதான சிறுநீரகம் தேறத்தான் வாரக்கணக்கில் ஆயிற்று. டப்பாவில் இருந்த புழுக்கள் செத்துப்போயின. எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல, உயிரோடு பிடித்து, பூச்சியாகும்வரை வளர்த்தாக வேண்டும்.

தம்பி வீடு திரும்பியபின் ஜுரேமா மறுபடி புழு பிடிக்க அந்தக் காட்டுக்குப் போனாள். மரத்துக்குச் சற்றுத் தள்ளியே கால் நின்றுவிட்டது. பட்டை எது, புழு எது என்று தெரியவில்லை. சுற்றியிருந்த எல்லா மரங்களும் அப்படித்தான் தெரிந்தன. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, எதிலும் உரசிவிடாமல், ஒவ்வோர் அடியாக ஜீப்புக்குத் திரும்பினாள்.