கெட்டுப்போன படங்கள்

கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஏசி ஹாலில் அன்றைக்கு அடித்த குளிருக்குப் பொன்முடி மலைக்காரர்களே கம்பளி கேட்டிருப்பார்கள். திருவனந்தபுரத்து ஸ்டுடியோக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுச் சாயாவும் பருப்புவடையும் கொடுத்து, “போட்டோக்களைத் திருத்தவும் அடுக்கி வைக்கவும் ஒரு சாஃப்ட்வேர் செய்கிறோம், அதில் உங்களுக்கு என்னென்ன வேண்டும்?” என்று கேட்டிருந்தார்கள். கேட்டிருக்கக் கூடாது.

மாப்பிள்ளையின் வழுக்கையில் முடி முளைக்க வேண்டும் என்றார் விதுராவிலிருந்து வந்திருந்த வேல்சாமி. ஒரே பட்டனில் பெண்ணின் கழுத்தில் நூறு பவன் ஏற வேண்டும் என்றார் சாலைத்தெரு குற்றாலலிங்கம். செத்துப்போன தாத்தாவைக் குடும்பப் படத்தில் சிரித்தபடி நிறுத்த வேண்டும் என்றார் ஒருவர். கடைசியில், கண் மூடியதும் கலங்கியதுமான படங்களை மெஷினே பொறுக்கித் தூர எறிய வேண்டும் என்று யாரோ சொன்னதற்கு எழுந்த கைதட்டலில் கட்டடம் ஒரு சாண் நகர்ந்தது.

கடைசி வரிசையில் இருந்த திரவியம் மட்டும் கை தட்டவில்லை. கரமனையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். கீழே கடை, மேலே வீடு. ஆசைகளை எல்லாம் குறித்துக்கொண்டிருந்த ஷிஜா என்ற கம்பெனிப் பெண் அவரிடம் வந்தாள்.

“அங்கிளுக்கு எந்தா வேண்டியது?”

“ஒண்ணே ஒண்ணுதான் மக்ளே. படத்துல தொடச்ச ஆள திருப்பிக் கொண்டு வரணும்.”

“அன்டூ அடிச்சா போதுமல்லோ, பழையபடி ஆகும்.”

“ஸேவ் பண்ணி மூடியாச்சு. வருசமும் ஆச்சு.”

“அப்ப பின்ன கிட்டாது அங்கிளே. அதும்மேல புதுசு எழுதிப்போச்சு.”

“அண்ணாச்சி வாலிபத்தத் திருப்பிக் கேக்காரு. அதையும் எழுதிக்கோ பிள்ளே” என்றார் குற்றாலலிங்கம். ஹால் சிரித்தது. திரவியமும் கூடவே சிரித்துவைத்தார். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் கிடைத்தும் அவர் வெளியே பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். கல்யாண வீடுகளில் திரவியத்துக்கு லைட் பிடித்தவள் அவர் மனைவி ஜெபமலர். பிலிம் காலத்தில் ஒரு படம் வீணானால் காசு வீண் என்று அவளைப் படச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தித்தான் எடுப்பார். டிஜிட்டல் காமிரா வந்ததும் அவருக்குத் திமிர் வந்துவிட்டது. “நீ எங்க வேணாலும் நில்லு, நான் தொடச்சுக்கிடுவேன்” என்பார். அவளும் மணமகளின் தோளுக்குப் பின்னால் நிம்மதியாக நின்றாள். வீட்டுக்கு வந்து, திரைச்சீலையில் ஒரு துண்டை எடுத்து அவள் மேல் ஒட்டி, பக்கத்திலிருந்த பூச்சரத்தில் ஒரு முழத்தை இழுத்து மூடி, எமனுக்கும் தடயம் கிடைக்காதபடி துடைப்பார். “பாத்தியா, நீ இருந்த எடமே தெரியல்ல” என்று அவளிடமே காட்டிப் பெருமைப்படுவார். “நல்ல காரியம்” என்றுவிட்டு அவள் அரிசி களையப் போவாள்.

அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. லைட்டுக்கு இரும்பு ஸ்டாண்டு ஒன்று வாங்கிவிட்டார். அது கால் வலிக்கிறது என்று சொல்லாது. வண்டியில் திரும்பும்போது சாம்பாரில் உப்பில்லை என்றும் சொல்லாது.

இந்த ஊரில் செத்தவருக்கு வருஷம் திரும்பினால் பேப்பரில் படத்தோடு ஒரு நினைவஞ்சலிக் கட்டம் வர வேண்டும். வராவிட்டால் ஆள் செத்ததையே சந்தேகப்படுவார்கள். கட்டத்துக்குப் படம் வேண்டுமே. கல்யாணப் படம் இருந்தது; அதைப் போட்டால் பத்தொன்பது வயசுப் பிள்ளை போய்விட்டதென்று ஊர் அழும். தேர்தல் அடையாள அட்டையில் இருந்ததை ஜெபமலர் என்று சொன்னால் அவளே வழக்குப் போடுவாள். ஆல்பம் ஆல்பமாகத் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் திரைச்சீலை. எந்தப் பூச்சரம் உண்மை, எது அவள் நின்ற இடம் என்று அவருக்கு மட்டும் தெரிந்தது.

அடுத்த வாரம் ஷிஜா ஸ்டுடியோவுக்கு வந்து, பாதி வேகாத அந்த சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

“முதல்ல அந்தக் கெட்ட படம் பொறுக்கறத ஓட்டி நோக்குங்க அங்கிளே. டிஸ்க்குல எடமும் ஒழியும்.”

கண் மூடிய மணமகளை எந்தப் போட்டோக்காரனும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. பார்த்தால் பிழைப்பு நடக்காது. திரவியமும் அப்படிப்பட்டவற்றை ஒரு மூலையில் தள்ளியதோடு சரி, ஒவ்வொன்றாக அழிக்கச் சோம்பல். “தள்ளிவிடு” என்றார்.

ஷிஜா பட்டனை அழுத்திவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள். மெஷின் முனகிக்கொண்டு கிடந்தது. அது முடிப்பதற்குள் விழிஞ்ஞத்தில் வள்ளம் கரையேறி, மீனும் விற்று, சட்டியும் கழுவியிருக்கும். கடைசியில் திரை நிறையச் சின்னச் சின்னப் படங்கள் வந்தன. ‘இவை மோசமானவை. அழித்துவிடலாமா?’ என்று கேட்டது.

திரவியம் எலியைப் பிடித்து ‘ஆம்’ மேல் கொண்டுபோனார். விரல் அப்படியே நின்றுவிட்டது.

கண் மூடிய மணமகளுக்குப் பின்னால் ஜெபமலர். தலை வெட்டுப்பட்ட மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஜெபமலர், கொட்டாவி விட்டுக்கொண்டு. கலங்கிப்போன தாலிகட்டில் கூர்மையாக இருந்தவள் அவள் ஒருத்திதான். பந்தி எப்போது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல படங்களிலிருந்து மட்டுமே அவர் அவளைத் துடைத்திருந்தார். கெட்டுப்போனவற்றுக்கு யார் மெனக்கெடுவார்கள்?

‘இல்லை’ என்பதை அழுத்தினார். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவையும் அழுத்தினார். பிறகு ஷிஜாவுக்குப் போன் போட்டார்.

“மக்ளே, அந்தக் கெட்ட படம் சங்கதி. மெஷின் பொறுக்கி வைக்கட்டு. எறியாண்டாம்னு எழுதிக்கோ.”

“அதெந்தா அங்கிளே? எறியத்தானே எல்லாரும் கேட்டது.”

“அவிய பொஞ்சாதிமாரு வீட்டுல இருக்காவ” என்றார் திரவியம்.

“எழுதுறேன்” என்றாள்.

பேப்பருக்கு அவர் தேர்ந்தெடுத்தது, ஜெபமலர் லைட்டைத் தூக்கிப் பிடித்தபடி, ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று நேராக அவரையே முறைக்கும் படத்தை. மணமகளை வெட்டி எறிந்தார். ஓரத்தில் அந்தப் பெண்ணின் முழங்கை மட்டும் வளையல்களோடு உள்ளே மிஞ்சியது. துடைப்பதற்கு அவருக்கு அரை நிமிஷம் போதும். அப்படியே கொடுத்துவிட்டார்.

பேப்பர் வந்த அன்று காலையிலேயே ஜெபமலரின் தங்கை சுசீலாபாய் கூப்பிட்டாள்.

“அத்தான், படம் பாத்தேன். அக்கா ஏசுகது காதுல கேக்க மாதிரி இருக்கு.” மூக்கை உறிஞ்சினாள். “அது யாருக்க கையி, பக்கத்துல?”

“கல்யாணப்பொண்ணுக்க கை.”

“ஒங்களுக்குத் தொடைக்கத் தெரியாதா?”

“தெரியும். ஒங்கக்கா ஜோலியில நிக்காளே.”

சுசீலாபாய் போனை வைத்துவிட்டாள். திரவியம் பேப்பரை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெபமலர் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்தா, முடிஞ்சாச்சு” என்றார் அவர்.