பதினாலாம் நம்பர் பில்லை

கோகிலவாணிக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. தோத்தாத்ரி சார் வெல்வெட் துணியைப் பிரித்து, இரண்டு கையாலும் ஏந்தி மேஜைமேல் வைத்தது சேந்தவனம் சமஸ்தானத்தின் ராஜ விருது இல்லை. வாசலில் நின்ற எவனோ ஒரு சேவகனின் பில்லை.

கையகலப் பித்தளை. நடுவே சூரியன், இரு பக்கமும் மீன், மங்கிப்போன தங்கமுலாம். சமஸ்தான விருதுகளைப் பற்றி அவள் எம்.ஏ.வில் ஆய்வேடு எழுதியவள் என்றுதான் அவளைக் கூப்பிட்டிருந்தார். விருதுப் பதக்கம் என்றால் பின்னால் குத்திக்கொள்ள ஊசி இருக்கும், இல்லாவிட்டால் ரிப்பன் கோக்க வளையம் இருக்கும். இதில் இரண்டுமில்லை. இரு ஓரத்திலும் நீளவாக்கில் வெட்டு இருந்தது, அகலத் துணிப்பட்டை நுழைந்து வெளியே வருவதற்கு. கீழே 14 என்று எண் குத்தியிருந்தது.

அந்த வெட்டைப் பற்றி எந்தப் புத்தகமும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் அப்பா குப்புராஜ் முப்பத்தோரு வருஷம் ஒரு பெரிய அதிகாரியின் அறை வாசலில், தோளுக்குக் குறுக்கே சிவப்பு டவாலிப் பட்டை போட்டுக்கொண்டு நின்றவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் டவாலியிலிருந்து பில்லையைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தது இவள்தான். வெட்டின் ஓரம் விரலைக் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அப்பாவின் நம்பர் 6. ரிட்டையரான அன்றைக்கு அதைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

தோத்தாத்ரி பேசிக்கொண்டே போனார். கொள்ளுத்தாத்தாவுக்கு மகாராஜாவே தர்பாரில் மாட்டிவிட்டதாம். அந்தக் கௌரவத்தைப் பெற்ற பதினாலாவது மனிதராம், அதனால்தான் அந்த எண்ணாம். பேத்தி விஷ்ணுப்ரியாவின் ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்கள். பக்கத்தில் கோகிலவாணி எழுதும் குறிப்பு இருக்க வேண்டும்.

“சார், இது விருது மாதிரி தெரியல. டவாலியில மாட்டுற பில்லை. வாசல் சேவகர் போடறது.”

அவர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எந்த புக்ல இருக்கு?”

“புக்ல இல்ல சார்.”

“பின்ன உனக்கு எப்படிம்மா தெரியும்?”

வண்டலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் கமிட்டியில் அவர் இருந்தார். அங்கே வரலாற்று விரிவுரையாளர் இடம் ஒன்று காலி. ‘உன்னைப் பத்திச் சொல்றேன்’ என்றிருந்தார். முதல் நாளே அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். கவர்மெண்டில் சூப்பரின்டெண்டெண்டாக இருந்தார் என்று சொன்னாள். நாக்கு தடுக்கவே இல்லை. ஸ்கூலிலிருந்தே சொல்லிப் பழகிய பொய். இப்போது இந்தப் பித்தளை எதுவென்று சொன்னால், தான் யார் மகள் என்றும் சொல்ல வேண்டும்.

“நான்தான் தப்பா பாத்துட்டேன் சார்” என்றாள்.

‘சேந்தவனம் மகாராஜா தம் திருக்கரத்தால் அணிவித்த முதல் வகுப்பு விருது’ என்று தொடங்கி ஆறு வரி. எழுதப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. படித்த படிப்பு அதற்காவது உதவியது.

ஜி.எஸ்.டி. ரோட்டு மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் கதவை ஒட்டிப் பெட்டியை வைத்திருந்தார்கள். உள்ளே ஜவுளிக்கடைப் பொம்மையின் தலையில்லாத உடம்பு. வலது தோளிலிருந்து சிவப்புப் பட்டு இறங்கியது. அதன் நடுவே பில்லை. நாலு பேர் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கோகிலவாணிக்கு எரிந்தது. யார்மேல் எரிந்தது என்றுதான் தெரியவில்லை.

அப்போது அப்பா வந்தார். மகள் எழுதியதைக் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள் என்று அவள் வீட்டில் வாய்தவறிச் சொன்னதன் வினை. நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டவே வேண்டாம் என்றிருந்தாள். இரும்புலியூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். அவரிடம் இருந்த நல்ல துணி அந்தப் பழைய ஆபீஸ் யூனிஃபார்ம்தான்.

தோத்தாத்ரியின் மனைவி அபிதகுஜாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “மண்டபத்து ஆளா நீ? கொஞ்சம் இங்கயே நில்லுப்பா. பசங்க கண்ணாடியில கை வைக்காம பாத்துக்கோ.”

குப்புராஜ் மகளைப் பார்த்தார். நாலடி தூரம்கூட இல்லை. ‘எங்கப்பா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதே நேரம் தோத்தாத்ரி, கல்லூரிச் செயலாளரை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

“நான் சொன்னேனே, கோகிலவாணி. நல்ல குடும்பம். அப்பா கவர்மெண்ட்ல சூப்பரின்டெண்டெண்ட்.”

அது அப்பாவின் காதில் விழுந்தது. அவள் தரையின் டைல்ஸைப் பார்த்தாள்.

குப்புராஜ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கைகளை முன்னால் கோத்து, முதுகை நிமிர்த்தி, முப்பத்தோரு வருஷம் நின்ற அதே நிற்பு. இது என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் குறிப்பை வாசித்துக் காட்டினார். எழுத்துக் கூட்டி, ஒரு சொல் விடாமல், ‘முதல் வகுப்பு விருது’ உட்பட. உள்ளே இருப்பது என்னவென்று அந்த மண்டபத்தில் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் அவள் கிட்டே போனாள். அப்பா என்று உதடு மட்டும் அசைந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை, பொம்மையைப் பார்த்தார்.

“பட்டைய மாத்தி மாட்டிக்கீறாங்க. இடது தோள்ல இருந்து எறங்கணும். வலது கை கதவுக்கு வோணும்ல.” குறிப்பின் பக்கம் கையைக் காட்டினார். “நல்லா எழுதிக்கீறீங்க, மேடம்.”

குத்தலா என்று முகத்தைத் தேடினாள். குத்தலாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அந்த முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

உள்ளேயிருந்து செயலாளர் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார். குப்புராஜ் ஓரடி பின்னால் நகர்ந்து, வலது கையால் கதவைத் திறந்து பிடித்தார்.

அவள் உள்ளே போனாள்.