நஞ்சப்பன் கையொப்பத்தில் பெய்த மழை

காரிமங்கலத்துக்குத் தெற்கே, ஒற்றை போர்வெல்லை நம்பி மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறவர் நஞ்சப்பன். புழுவுக்கு வரும் நோய்நொடியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று, பட்டு விவசாயிகள் கூடிப் பேசும் இணைய மன்றம் ஒன்றில் போன வருஷம் சேர்ந்தார். அங்கே ஒரு வசதி உண்டு. பிடித்த வாசகம் ஒன்றைக் கையொப்பமாக எழுதி வைத்துவிட்டால், நாம் எதை எழுதினாலும் அதன் அடியில் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் பெரிய மனிதர்கள் சொன்னதாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். நஞ்சப்பனுக்குப் பெரிய மனிதர் யாரும் பழக்கமில்லை.

ஒரு மத்தியானம், ஷெட் முழுக்கப் புழுக்கள் சடசடவென்று தழை தின்றுகொண்டிருந்தன. அவர் மனைவி குள்ளம்மாள் தழைக்கட்டின்மேல் சாய்ந்து கிடந்தாள். பாதிக் கண் மூடியபடி, "மழ எங்கியும் போவல. நம்ம புழு வாயிலதான் பேஞ்சிக்கினு கெடக்குது" என்றாள். நஞ்சப்பன் அதை அப்படியே கையொப்பமாகத் தட்டி வைத்துக்கொண்டார்.

அப்புறம் நடந்ததில் சந்தேகம் இருப்பவர்கள் அரூரில் விசாரித்துக்கொள்ளலாம். அங்கே ஒருவர் அந்த வரியைப் படித்த கையோடு கொடியில் காய்ந்த வேட்டியை எடுக்க ஓடினார். வானத்தில் ஒரு துளி மேகம் கிடையாது. வேட்டி மட்டும் நனைந்திருந்தது. பாலக்கோட்டில் இன்னொருவர் படித்தபடியே தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தால் செல்போன்மேல் ஒரு தவளை உட்கார்ந்து மீதியைப் படித்துக்கொண்டிருந்தது. எதுவரை படித்தது என்று அது சொல்லவில்லை. நஞ்சப்பன் புழு மருந்தைப் பற்றி ஒரு வரி கேட்டால் போதும், பத்துப் பேர் மருந்தை விட்டுவிட்டு மழையைப் புகழ்ந்தார்கள்.

தருமபுரியில் பட்டுக்கூடு வியாபாரம் செய்யும் அனீஸும் அந்த மன்றத்தில் உண்டு. ஒருநாள் அவர் போன் பண்ணினார். நஞ்சப்பனுக்கு இரண்டு கையிலும் தழை. போனை ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் குள்ளம்மாள் புழுத் தட்டில் தழை பரப்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி இருக்காங்களா? அண்ணி, அண்ணன் எழுதியிருக்கிறதப் பாத்தீங்களா?" என்று கேட்டு, அனீஸ் அந்த வரியை ராகம் போட்டுப் படித்தார். "அண்ணன் கவிஞருங்க, அண்ணி. நீங்க குடுத்து வச்சவங்க."

நஞ்சப்பன் தழையை உதறிக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

அன்றோடு குள்ளம்மாள் அவரிடம் பேச்சை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதைப் புழுக்களிடம் சொன்னாள்.

"கஞ்சி மூடி வச்சிருக்குது, சொல்லிடுங்க" என்பாள். தட்டில் இருந்த புழுக்கள் அத்தனையும் தலையைத் தூக்கி நஞ்சப்பனைப் பார்க்கும். அவர் போய்க் கஞ்சி குடிப்பார்.

"நான் சொன்னேன்னு நான் எங்கியும் எழுதலியே" என்றார் ஒருநாள்.

"கேட்டுக்கோங்க," என்றாள் புழுக்களிடம், "நான் சொல்லலன்னும் எழுதலியாம்."

வெளியே வெயில் மல்பெரிக் காட்டின்மேல் மெல்ல அசைந்தது. ஷெட்டுக்குள் மழைச் சத்தம் ஓயவில்லை. ஆனால் குள்ளம்மாள் குரல் தன் பக்கம் திரும்பாத வீட்டில் நஞ்சப்பனுக்கு விழித்திருப்பது தூக்கமா, தூங்குவது விழிப்பா என்று தெரியாமல் போயிற்று. கஞ்சியில் உப்பு இருக்கிறதா என்றுகூடப் புழுவைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

கடைசியில் அனீஸைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். "சொன்னது நானில்ல அனீஸு. வூட்ல."

"அப்ப அண்ணி பேரப் போட்டுடுங்க, அவ்வளவுதான."

அவ்வளவுதானா? கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நஞ்சப்பன் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. கூப்பிட "இந்தா" போதும். ரேஷன் கடையில் குடும்பத்தலைவி பெயர் என்ன என்று கேட்டால் அட்டையை நீட்டி விரலை வைத்துக் காட்டுவார். அந்த ஊரில் ஆம்பிளைகள் எல்லோரும் அப்படித்தான். அதனால் கடைக்காரருக்கு விரல்களை நன்றாகத் தெரியும்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். வரிக்கு அடியில் 'சொன்னவர்: குள்ளம்மாள்' என்று வந்தது. காது சுட்டது. இனிமேல் எழுதப்போவதற்கு மட்டும்தான் அது வரும் என்று நினைத்துக்கொண்டு, செல்போனைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

குள்ளம்மாள் தாவணி வயசில் எட்டாவது வரை படித்தவள். எடுத்துப் பார்த்தாள். தன் பெயரை இரண்டு முறை படித்தாள். அப்புறம் விரலால் தள்ளினாள், தள்ளிக்கொண்டே போனாள். முகம் மாறியது.

"ஏனுங்க" என்றாள். புழுக்கள் தலை தூக்கவில்லை, இந்த முறை கூப்பிட்டது அவரை என்று அவற்றுக்கும் தெரிந்துவிட்டது.

"'புழு பேதியாவுது, ஷெட்டுல நாத்தம் தாங்கல.' இதுக்கு அடியில எம் பேரு. 'எம் புழுவெல்லாம் ஊதிப்போச்சி, தூக்கிக் குழியில போட்டுட்டேன்.' அங்கியும் எம் பேரு. நாலு ஊரு படிக்கிற எடமில்லீங்களா இது?"

"பழசுக்கெல்லாம் போயி ஒட்டிக்கும்னு தெரியல. எடுத்துரட்டுமா?"

"பேரு இருக்கட்டும். நாத்தத்துக்கு அடியில மட்டும் எடுங்க."

"அப்பிடித் தனியா முடியாது. வச்சா எல்லாத்துக்கும், எடுத்தா எல்லாத்துக்கும்."

குள்ளம்மாள் செல்போனை அவர் கையில் வைத்தாள்.

"அப்ப நாத்தத்த எடுங்க."

நஞ்சப்பன் தழைக்கட்டின்மேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். இது வேணாம், இது இருக்கட்டும், இதுல என்னா இப்பிடித் தப்புத்தப்பா எழுதியிருக்கீங்க என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஒற்றை விரலால், முடிந்த அளவு நிதானமாக அழித்தார். அவசரம் ஒன்றுமில்லை. ஒரு வருஷத்தில் நிறையவே எழுதியிருந்தார்.