சும்மா இருக்கிற பெண்

"தட்டக் கீழ வச்சுட்டு உள்ள போ. அண்ணன் அங்க முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றார் அப்பா நல்லசாமி.

"கீழ வைக்கவா? வந்தவுக உக்காந்து அரை மணி நேரமாச்சு. காப்பியக் குடுத்துட்டு எங்கிட்டும் போகட்டும்" என்றாள் அம்மா பிச்சையம்மாள்.

ஐந்து தம்ளர் காபியோடு சுபஸ்ரீ அடுப்படி வாசலில் நின்றாள். தலைக்கு மேலே புகையில் காயப்போட்ட மலைப்பூண்டுக் கட்டுகள் தொங்கின. கட்டியிருந்த பட்டுப்புடவை அம்மாவுடையது. அதிலும் பூண்டு வாடை. முன்னறையில் ஆடலூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள். பின்னறையில் மடிக்கணினிக்கு முன்னால் அண்ணன் பழனிக்குமார். இரண்டு அறைக்கும் அவள்தான் வேண்டும். இத்தனை கிராக்கி அந்த வீட்டில் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

இரண்டும் ஒன்றாக வந்து விழுந்ததற்கு நல்லசாமிதான் காரணம். "பொன்னு கெடைச்சாலும் புதன் கெடைக்காது" என்று பெண் பார்க்க அந்த நாளைச் சொன்னவர் அவர். மகனுடைய கடைசித் தேர்வும் அதே புதன்கிழமை, மதியம் இரண்டரைக்கு. காலையிலேயே வந்து போய்விடுவார்கள் என்று நினைத்தார். மலைப்பாதையில் மேகம் இறங்கிவிட்டது. ஜீப் அவர்கள் ஊரான கூக்கால் வந்து சேர மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது.

அது என்ன தேர்வு என்பதைச் சொல்லிவிட வேண்டும். பழனிக்குமார் பன்னிரண்டாம் வகுப்பைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவன். அந்த மதிப்பெண்ணுக்கு வெளிநாட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் கதவைத் திறக்காது. ஆனால் அப்படிப்பட்ட வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் ஆயத்த வகுப்பு வைத்திருந்தது. ஒரு வருஷம் வீட்டிலிருந்தே கணினியில் படிக்கலாம். வாசிக்கவும், சொந்தமாக எழுதவும், கேள்வி கேட்கவும் பழக்குவார்கள். தேறினால் நேராக முதலாண்டில் சேரலாம். மதுரை ஏஜெண்ட் அதை 'ஃபவுண்டேஷன்' என்றான். நல்லசாமி டீக்கடையில், "பயலுக்கு அஸ்திவாரம் போட்டாச்சுல்ல" என்று சொல்லிக்கொண்டார். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. தடுமாறியவன் எழுந்து நிற்க ஒரு வருஷம் கொடுக்கிறார்கள்.

தடுமாறாதவளுக்கு அந்த வீடு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் சுபஸ்ரீ அறுநூற்றுக்கு ஐந்நூற்று அறுபத்தொன்று. கொடைக்கானலில் கல்லூரி இருக்கிறது. "சாயங்காலம் திரும்பி வர பஸ் கெடையாது" என்று நல்லசாமி ஒரே வரியில் முடித்துவிட்டார். மகளுக்கு நாற்பது கிலோமீட்டருக்குப் பஸ் இல்லை என்ற அதே மனுஷன்தான் மகனை விமானம் ஏற்றக் கிளம்பினார்.

முதல் வாரமே குமாருக்குப் பாடம் விளங்கவில்லை. "ஏ சுபா, சும்மாதான இருக்க. இத மட்டும் கொஞ்சம் பாரேன்" என்றான். அந்த 'மட்டும்' ஒரு வருஷத்துக்கு நீண்டது. கேமராவை அணைத்துவிட்டு அண்ணன் பெயரில் அவள் உட்கார்ந்தாள். வெள்ளனே எழுந்து மாடு, சமையல், பூண்டுக் காடு. மதியத்துக்கு மேல் இங்கிலாந்து.

ஹெலன் என்ற ஆசிரியை ஒருமுறை கட்டுரையின் ஓரத்தில், 'குமார், இந்தக் கேள்வியை நீயாகவே கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது' என்று எழுதியிருந்தாள். கேள்வி கேட்டதற்காக சுபஸ்ரீ திட்டு வாங்கியிருக்கிறாள், ஒருமுறை அறையும் வாங்கியிருக்கிறாள். பாராட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பாராட்டு குமாருக்கு வந்ததே என்பதற்கும் சேர்த்துத்தான் அழுதாள். ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில் ஒரு கட்டம் இருக்கும்: 'இது என் சொந்த எழுத்து.' அதில் டிக் போட்டதும் அவள்தான். எழுத்து அவளுடையது, பெயர் அவனுடையது.

கடைசிக் கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். நோட்டுப் புத்தகத்தோடு ஊரில் இருபது பெண்களிடம் போய், "என்ன வேல பாக்குறீங்க?" என்று கேட்டாள். பூண்டு நட்டு, களையெடுத்து, பிடுங்கிக் கட்டிய கையோடு பத்தொன்பது பேர், "சும்மாதான் வீட்டுல இருக்கேன்" என்றார்கள். இருபதாவது ஆள் பிச்சையம்மாள். அவளும் அதையேதான் சொன்னாள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஈடு கிடைக்காமல், 'சும்மா' என்றே எழுதி, அது எத்தனை வேலையை மறைக்கிறது என்று நான்கு பக்கம் விளக்கியிருந்தாள்.

இன்று அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் வாய்மொழித் தேர்வு. முகம் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குமார் கேமராவுக்கு முன்னால் உட்கார்வது, சுபஸ்ரீ எதிரே நின்று பதிலைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவது என்று ஏற்பாடு. மூன்று நாள் ஒத்திகையும் பார்த்தாயிற்று. கட்டுரையை மட்டும் குமார் படித்துப் பார்க்கவில்லை.

அடுப்படிச் சண்டையில் அம்மாதான் ஜெயித்தாள். சுபஸ்ரீ முன்னறைக்குப் போய்க் காபியை நீட்டினாள். மாப்பிள்ளை ராஜமுருகன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டான். அவன் தாய் ஜோதிமணி ஒரு வாய் குடித்துவிட்டுப் பிச்சையம்மாளிடம் திரும்பினாள்.

"பன்னெண்டு முடிச்சு வருசம் ஒண்ணு தாண்டிருச்சுன்னீங்க. பொண்ணு இப்ப என்ன பண்ணுது?"

"சும்மாதாங்க இருக்கு" என்றாள் பிச்சையம்மாள். அதைப் பெருமையாகவே சொன்னாள். "வெளிய தெருவ போறதில்லங்க. வீட்டுச் சோலிதான்."

"அதான் நல்லது. நமக்கு மெளகுக் காட்டுல ஆளே கெடைக்க மாட்டேங்குது. நம்ம வீட்டுலயும் சும்மா இருந்துக்கிரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது பின்னறையிலிருந்து ஹெலனின் குரல் கேட்டது. "குமார், உன் கட்டுரையில் ஒரு தமிழ்ச் சொல் வருகிறது. ஸும்மா. அதை எனக்கு விளக்கிச் சொல்" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

குமாரின் நாற்காலி கிரீச்சிட்டது.

"குமார்? ஸும்மா?"

"வெள்ளக்காரி என்னமோ சும்மாங்கிறாளே!" என்று ஜோதிமணி வியந்தாள்.

நல்லசாமி சுவரோரமாகவே நழுவி மகளிடம் வந்தார். வந்தவர்களுக்குக் கேட்காதபடி பல்லைக் கடித்துக்கொண்டு, "வெரசா உள்ள போ. அவனுக்கு எழுதிக் காமி. இங்க சும்மாதான நிக்கிற?" என்றார்.

ஹெலனின் கேள்விக்குப் பதில் சுபஸ்ரீயின் நாக்கு நுனியில் இருந்தது. இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு யாரும் இனி அவளிடம் கேட்கப் போவதில்லை. இப்போதும் கேட்பது அவளிடம் இல்லை. உள்ளே போனால் அண்ணனுக்கு விமானம், அவளுக்கு மிளகுக் காடு. போகாவிட்டால் அண்ணனுக்கு விமானம் இல்லை, அவளுக்கு அப்போதும் மிளகுக் காடுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் என்று தெரிந்தபோது அவளுக்குப் பயம் போய்விட்டது. கோபம்தான் மிஞ்சியது.

"ஆமாப்பா. சும்மாதான் நிக்கிறேன்" என்றாள். எல்லோருக்கும் கேட்டது.

"அப்பப் போயேன்."

"போகலப்பா. நான் சும்மா இருக்கேன்னு இப்பத்தான அம்மா சொல்லுச்சு. இருந்துக்கிறேன்."

காலித் தட்டைத் தரையில் வைத்தாள். அம்மாவின் பட்டுப்புடவை கசங்க, அதன் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நல்லசாமியின் முகம் கறுத்தது. வந்தவர்கள் முன்னால் கை ஓங்க முடியவில்லை.

"என்னடி இது? எந்திரி. தம்ளரெல்லாம் எடு" என்றாள் பிச்சையம்மாள்.

சுபஸ்ரீ எடுக்கவில்லை. ஐந்து பேரும் குடித்து முடித்த தம்ளர்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஹெலன் பொறுமையாக மூன்றாவது முறை அந்தச் சொல்லைக் கேட்டாள். பின்னறை வாசல் வழியாகக் குமார் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். பிறந்து பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் அவள் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.