கெத்தரின் பழக்கிய பதில்

மாத்தளை நீதிமன்றத்துக் கூண்டறைக்குள் ஷெல்டன் குந்தியிருந்தான். அவனுக்கு வயது பத்தொன்பது. கம்பிக்கு வெளியே அவன் அக்கா கெத்தரின் நின்றாள்.

"பொலிஸ்ல எல்லாத்தையும் ஒத்துக்கிட்டானே, தங்கச்சி," என்றார் சட்டத்தரணி நிமலன். "கடையில மிளகு மூட்டையத் தூக்கினது நான்தான்னு வாக்குமூலத்துல இருக்கு."

இரத்தோட்டையில் மிளகு பறிக்க ஏறி, ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து ஷெல்டனுக்குப் பேச்சு சரியாக வருவதில்லை. நீளமாக எதைக் கேட்டாலும் பாதியிலேயே பிடி நழுவிவிடும். போன வருடம் பஸ் நிலையத்தில் ஒரு பொலிஸ்காரர் ஏதோ கேட்க, பதில் சொல்லாமல் முறைத்துக்கொண்டு நின்றான். குடித்த வெறிகாரன் என்று அறை விழுந்தது. அதற்குப் பிறகு அவள்தான் ஒரு மாதம் உட்காரவைத்துப் பழக்கினாள். காக்கிச் சட்டை எதைக் கேட்டாலும் 'ஓவ் சேர்' என்று சொல். சிங்களத்தில் ஆம் என்றால் அடி விழாது.

"அவனுக்கு வெளங்காது சேர். வேற ஏதாச்சும் கேட்டுப் பாருங்க."

நிமலன் கம்பியருகே குனிந்து சிங்களத்தில் கேட்டார்: கண்டி ரயிலைக் கவிழ்த்தது நீயா?

"ஓவ் சேர்."

காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் குலுங்கிச் சிரித்தார். "அப்ப நேத்து மழையையும் இவன்தான் களவெடுத்திருப்பான்!"

நிமலன் சிரிக்கவில்லை. "இத யாரு சொல்லிக்குடுத்தது?"

"நான்தான்."

"அத நீதவான் முன்னால சொல்லணும்."

சொன்னாள். குரல் எழும்பவில்லை. சத்தமாகச் சொல் என்று இரண்டு தரம் அதட்டினார்கள். நீதவான் வைத்திய அறிக்கை கேட்டார். அது வரும்வரை பதினான்கு நாள் விளக்கமறியல்.

சிறைச்சாலை பஸ் வருமுன் ஐந்து நிமிடம் கிடைத்தது.

"தம்பி, இனிமே அப்படிச் சொல்லாத. உள்ளுக்கு யாரு என்ன கேட்டாலும் இல்லன்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்."

ஷெல்டன் அவள் வாயையே பார்த்தான். உதடு குவிந்தது, பிரிந்தது. நெற்றி நரம்பு புடைத்தது.

"இ... இ..."

"ஆ, அதான். இல்ல."

"இ..."

காவலர் வந்து விலங்கு பூட்டினார். மற்றப் பையன்களோடு அவனையும் ஏற்றினார்கள். ஜன்னல் வலைக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவன் அவன் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டான்.

அதற்குள் பஸ் திரும்பிவிட்டது. ஷெல்டன் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியவில்லை.